மெக்ஸிகோ நகரிற் கண்டதும் கேட்டதும்

சென்ற கோடை விடுமுறையில், என் தமையனார் பணியாற்றும் மெக்ஸிகோ நகரில் மூன்று வாரங்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் அறியாதவனாய்ச் சென்ற எனக்கு அந்நகரின் நாள்வாழ்வு விளங்கிய வகையை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன்.

அந்நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் உதகமண்டலத்தின் உயரமும் அஃதே. ஆயினும் மலையூரின் அமைதி அங்கில்லை. முதலிரு நாட்கள் படியேறும்போதெல்லாம் எனக்கு மூச்சு வாங்கிற்று.

மொழியறியாத எனக்கு முதலில் உதவியவை படங்களே. 1969-ஆம் ஆண்டில் தொடங்கிய நிலத்தடி இரயிலில், ஒவ்வொரு நிலையத்திற்கும் பெயரோடு ஒரு படமும் அடையாளமாக உண்டு. சபுல்தெபெக் என்னும் நிலையத்திற்கு அடையாளம் ஒரு வெட்டுக்கிளி. 1521-இல் ஸ்பானியர் நகரைக் கைப்பற்றுமுன் அங்கு வழங்கிய நாவாட்டில் மொழியில் அப்பெயர் வெட்டுக்கிளிக் குன்றைக் குறிக்குமாம். ஆட்சி மாறினும் ஊர்ப்பெயரில் மொழி வாழ்தல் கண்டு வியந்தேன்.

அடுத்துத் தெருவொலிகள் பழகின. பகலில், பழைய மெத்தையும் அடுப்பும் இரும்பும் வாங்குவோர் வண்டியினின்று, பதிவுசெய்த சிறுமியின் குரல் ஒலிபெருக்கியில் இழுத்து இழுத்துக் கேட்கும். இருட்டியபின், சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்பவனின் வண்டி நீராவியால் நெடுங்கூவல் எழுப்பும். அவ்வொலி கேட்ட இரவுகளில் வீட்டு நினைவு மிகுந்தது.

பின்னரே சொற்கள் வந்தன. அவர்கள் 'மேசா' என்பது நம் மேசை. 'சபாத்தோ' என்பது நம் சப்பாத்து. போர்ச்சுக்கீசியர் வழியாகத் தமிழிற் புகுந்த சொற்களின் உறவினரை அங்குக் கண்டு, உற்றாரைக் கண்டாற்போல மகிழ்ந்தேன்.

ஆயினும் என் உள்ளத்தில் நிலைத்த சொல் வேறொன்று. அங்குப் பகலுணவு இரண்டு, மூன்று மணிக்கே. சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை அரைத்துத் தட்டிச் சுட்ட மெல்லிய அடையும், மிளகாய்ச் சாந்தும் அதில் தவறா. ஒருநாள் சிற்றுண்டிச்சாலையில் தனியே உண்டுகொண்டிருந்தேன். உணவு முடித்தெழுந்த முதியவர் ஒருவர் என்னைக் கடக்கையில், 'ப்ரொவேச்சோ' என்று கூறிச் சென்றார். அவரை அடுத்து ஒரு பெண்மணியும் அவ்வாறே கூறினார். 'உண்பது உமக்கு நன்மை தருக' என்பது அதன் கருத்தென்று தமையனார் விளக்கினார். அறியாதாரையும் அவ்வாறு வாழ்த்துதல் அங்கு வழக்கமாம்.

நாமும் 'சாப்பிட்டீர்களா?' என்று வினவுகின்றோம். ஆனால் பெரும்பாலும் அறிந்தாரையே வினவுகின்றோம். விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். முன்பின் அறியாப் புதியவரே விருந்தினர். வகுப்பிற் பாடமாகக் கற்ற அப்பொருளை, கடல்கடந்த நகரில், பெயரறியா முதியவர் ஒருவர் ஒரு சொல்லால் எனக்கு உணர்த்தினார். நம் விடுதி உணவறைக்கு இவ்வாண்டு வரும் புதிய மாணவர்க்கும் அத்தகைய சொல்லொன்று காத்திருத்தல் வேண்டும்.