பாளையங்கோட்டைப் பெயரில் ஒரு பட்டாளம்

காலை ஏழு மணிக்கு ஆமத்தூரில் பஸ்ஸுக்கு நின்றால் பட்டாசு ஆலை வேன்தான் முதலில் வரும். தூக்குவாளியோடு ஏறுகிறவர்களின் நகக்கண்ணில் நேற்றைய அலுமினியப் பவுடர் மினுங்கும். வெடிமருந்தோடு வாழ்கிற பூமி இது. வெடிமருந்துப் புகையில் கடல் கடந்து செத்த நம் மாகாணத்து ஆட்களைப் பற்றி மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

விருதுநகரில் திருநெல்வேலி வண்டி பிடித்தேன். கயத்தாறு வந்ததும் கட்டபொம்மன் சிலையைப் பார்க்கப் பாதி வண்டி ஜன்னல் பக்கம் குனிந்தது. 1799-இல் வெள்ளைக்காரனை எதிர்த்துத் தூக்கில் தொங்கியவரை நாம் மறக்கவில்லை. அதே வெள்ளைக்காரனுக்காகச் சண்டைக்குப் போனவர்களை எங்கே வைப்பது என்றுதான் நமக்குத் தெரியவில்லை.

பாளையங்கோட்டையில், பழைய கோட்டையின் மிச்சமான மேடை போலீஸ் ஸ்டேஷன் அருகே டீக்கடைப் பெரியவரிடம், இந்த ஊர்ப் பெயரில் ஆப்பிரிக்காவுக்குச் சண்டைக்குப் போன பட்டாளத்தைப் பற்றிக் கேட்டேன். "பட்டாளத்துக்குப் போனவங்க எல்லா ஊர்லயும் உண்டு தம்பி. ஆப்பிரிக்காவுக்கா? கேள்விப்பட்டதில்லையே!"

நான் கேட்ட பட்டாளம், வெள்ளைக்காரனின் 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. ஊர்ப் பெயர் பாளையங்கோட்டை. ஆட்கள் சென்னை மாகாணத்தவர். முதல் உலகப் போரில், 1914 அக்டோபரில் பம்பாயில் கப்பலேறி, இரண்டு வாரத்துக்கு மேல் கடலில் வாடி, இன்றைய தான்சானியாவின் டாங்காவுக்குப் போனார்கள். அது அப்போது ஜெர்மானியர் கையில். நவம்பர் 2-இல் முன்னே போன போர்க்கப்பலின் தலைவர், அந்த ஊரைத் தாக்குவதில்லை என்ற பழைய உடன்பாடு இனி செல்லாது என்று எதிரிக்கே சொல்லி அனுப்பினார். ரயிலில் ஜெர்மன் படை வந்து சேர்ந்தது. நம்மவர்களை நடத்திப் போன தளபதி ஜெனரல் எய்ட்கன் ஒழுங்காக வேவுகூடப் பார்க்கவில்லை. நவம்பர் 4 அன்று ரப்பர் தோட்டத்திலும் புதரிலும் எந்திரத் துப்பாக்கிகள் சுட, 63-ஆவது சிதறியது. கலைந்த தேனீக்கள் வேறு கொட்டித் தீர்த்தன. சுமார் 8,000 பேர் கொண்ட வெள்ளைக்காரன் படை ஏறக்குறைய 1,000 பேர் கொண்ட ஜெர்மன் படையிடம் தோற்றது. தோற்கடித்தது தளபதியின் அலட்சியம். ஓடினார்கள் என்ற பழி மட்டும் சிப்பாய்கள் தலையில். இதைவிட அநியாயம் இல்லை.

அந்த உலகப் போருக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் சுமார் 13 லட்சம், மாண்டவர்கள் 74,000. இராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்தியச் சிப்பாய்களுக்குப் பெயர்கூடப் பொறிக்கவில்லை, எண்ணிக்கைதான். இந்தப் பாகுபாட்டுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் மன்னிப்புக் கேட்டது 2021-இல்.

தெரிந்தவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் அந்தப் போரின் வெள்ளிப் பதக்கம் ஒன்றைப் பார்த்தேன். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரைவீரன். வெளிச்சத்தில் சாய்த்தால் விளிம்பில் எண், பதவி, பெயர், பட்டாளம் எல்லாம் தெரிந்தன. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், வெள்ளி விலைக்கு எடை போடுமுன் அந்த விளிம்பைப் படியுங்கள். படம் எடுத்து அரசு அருங்காட்சியகத்தில் கொடுங்கள்.