சுண்டெலிக்கு ஒரு நாள் என்பது நீண்ட காலம்

வீட்டில் வளர்க்கும் சுண்டெலிக்கு நோய் வந்திருப்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு வளர்ப்பவருடையது. மருத்துவரின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், அந்தப் பிராணியின் காலக்கணக்கு. நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் அதன் ஆயுள் சுமார் 2 வருஷம். மிஞ்சிப்போனால் இன்னும் சில மாதம். 70 வருஷ மனித வாழ்வோடு ஒப்பிட்டால் அதன் ஒரு நாள் நமக்கு ஒரு மாதத்துக்கும் மேல். இதயம் நிமிஷத்துக்கு 500, 600 தடவை துடிக்கிறது. 30 கிராம் உடம்பில் ஆபத்துக் காலத்துக்கென்று சேர்த்துவைத்த கொழுப்பும் நீரும் மிகக் குறைவு. சனிக்கிழமை ராத்திரி தீனியைத் தொடாமல் சுருண்டு கிடக்கும் எலியைத் திங்கட்கிழமை காட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், பெரும்பாலும் அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

எலிதான் வலியைக் காட்டிக்கொள்ளாதே, பார்த்து என்ன தெரியப்போகிறது என்று கேட்பார்கள். பூனைக்கும் காக்கைக்கும் பாம்புக்கும் இரையாகும் பிராணி தன் பலவீனத்தை மறைத்தே பழகியது என்பது உண்மை. அதன் குரலில் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாத அலைவரிசையில் போவதால், கத்தவில்லை என்பதை வைத்து வலியில்லை என்று சொல்லவும் முடியாது. ஆனால் முகம் மறைப்பதில்லை. 2010இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி மோகிலும் அவருடைய குழுவினரும், வலியில் இருக்கும் சுண்டெலியின் கண் இடுங்குவதையும் மூக்கும் கன்னமும் புடைப்பதையும் காதும் மீசையும் நிலை மாறுவதையும் அளந்து ஓர் அளவுகோலே வகுத்துக் காட்டினார்கள். இதைப் பார்க்க நுண்ணோக்கி தேவையில்லை. சரியான நேரத்தில் பார்த்தால் போதும். எலி இரவில் நடமாடும் பிராணி. பகலில் தூங்குவதைப் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது. விளக்கைக் குறைத்த பிறகும் ஒதுங்கியே கிடக்கிறதா, முதுகு கூனி மயிர் சிலிர்த்து நிற்கிறதா, பஞ்சையும் காகிதத்தையும் இழுத்துக் கூடு கட்டுவதை நிறுத்திவிட்டதா, மூச்சு விடும்போது கிறீச் கிறீச்சென்று சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணோரத்தில் சிவப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால் ரத்தம் என்று பதற வேண்டாம். கண்ணுக்குப் பின்னாலுள்ள ஒரு சுரப்பியின் நிறமியாகவும் அது இருக்கலாம். ஆனால் நோயும் மன அழுத்தமும் அதை அதிகமாக்கும் என்பதால் அலட்சியமும் வேண்டாம்.

வளர்ப்பவரின் கண்ணுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு ஆபி லாத்ராப்பைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையான அவர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரான்பி என்ற ஊரில் 1900 வாக்கில் ஆசைக்கு வளர்க்கும் எலிகளைப் பெருக்கி விற்றவர். சில எலிகளின் தோலில் புண் இருப்பதைக் கவனித்து, ஆராய்ச்சியாளர்களுக்கு அனுப்பினார். அது புற்றுநோய் என்றார் நோய்க்குறியியல் அறிஞர் லியோ லோப். பிறகு இருவரும் சேர்ந்து நடத்திய ஆய்வில், சினைப்பையை நீக்கினால் பெண் எலிகளுக்கு மார்புக் கட்டி வருவது குறைகிறது என்று தெரிந்தது. இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் மிகுதியாகப் பயன்படும் கறுப்பு எலி வம்சமும் அவர் பண்ணையிலிருந்து வந்ததுதான். அந்த மார்புக் கட்டி நம் வீட்டுப் பெண் எலிக்கும் வரக்கூடியது. பால் சுரப்பித் திசு கழுத்திலிருந்து விலாவரை பரவியிருப்பதால், தோள் பக்கம் தட்டுப்படும் உருண்டையும் அதுவாக இருக்கலாம்.

கண்ணுக்குத் துணையாக ஒரு கருவி வேண்டுமென்றால் அது தராசு. நகைக்கடையில் இருப்பது போன்ற சிறிய எலெக்ட்ரானிக் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவைத்தால் போதும். 30 கிராம் எலி 3 கிராம் இளைப்பதும், 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைப்பதும் ஒன்றே. ஆய்வுக்கூடங்களில் 20 சதவீத எடை இழப்பை, இதற்கு மேல் விலங்கை வதைக்கக் கூடாது என்ற எல்லையாகப் பலரும் வைத்திருக்கிறார்கள். வீட்டில் அதில் பாதி தூரம் போகும் முன்பே விழித்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரான புதுச்சேரியில் வெயிலையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. எலியின் உடல் சூடும் நம்முடையதைப் போல 37 டிகிரி அளவில்தான் இருக்கும். வெயில் ஏறினால் அது எச்சிலை மயிரில் பூசிக்கொண்டு உடம்பைக் குளிர்விக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் வெப்பமும் கடற்காற்றின் ஈரமும் சேரும்போது அந்த எச்சில் சரியாக உலராது. தகரக் கூரையடியில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் எலி சில மணி நேரத்தில் செத்துவிடும். ஆனால் நோயுற்ற எலிக்கு நேர்மாறான ஆபத்து. சாப்பிடாத சிறிய உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். இரக்கப்பட்டு அதை மின்விசிறிக்கு நேரே வைப்பது கெடுதல். கூண்டின் ஒரு பாதிக்கு மட்டும், துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலால் சூடு காட்டினால், வேண்டும்போது அது தானே விலகிக்கொள்ளும். சிறுநீர் ஊறிய மரத்தூளை உடனே மாற்ற வேண்டும். அதிலிருந்து கிளம்பும் அமோனியா நெடி மூச்சுக்கோளாறை முற்றவைக்கும். குழந்தைகளுக்கு வாங்கிய பாராசிட்டமால் சிரப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் யோசனை மட்டும் வரவே கூடாது. எலியால் வாந்தியெடுக்க முடியாது; உள்ளே போனது உள்ளேதான்.

வாங்கிய விலையைவிட மருத்துவச் செலவு அதிகம், நாளைக்கே சாகப்போகும் பிராணி, கூண்டில் இன்னும் நான்கு இருக்கின்றன என்றெல்லாம் சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர்; பலருக்குப் பணம் உண்மையிலேயே ஒரு பிரச்சினை. ஆனால் கூண்டுக்குள் அடைத்தவர் நாம். நோயுற்ற எலியிடமிருந்து மற்ற நான்கிற்கும் தொற்றக்கூடும் என்பதால், கணக்குப் பார்த்தாலும் காட்டிவிடுவதே லாபம். 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் மனிதரல்லாத எல்லா உயிரையும் விலங்கு என்றே சொல்கிறது. விலையை வைத்து அது பாகுபடுத்தவில்லை. ஆயுள் குறைவு என்பதற்காக வலியும் குறைந்துவிடாது. நோயுற்றதைப் பெரிய வாய்க்கால் ஓரமாக விட்டுவிடுவதை விடுதலை என்று யாரும் தேற்றிக்கொள்ள வேண்டாம். காக்கைக்குப் போடுவதும் அதுவும் ஒன்றே. குணமாகாது என்று மருத்துவர் சொன்னால், வலியில்லாமல் முடிக்க அவரிடமே வழி இருக்கிறது.

எலியைப் பார்க்கும் மருத்துவர் இங்கே எங்கே என்பது நியாயமான கேள்வி. நாய்க்கும் மாட்டுக்கும் பழகிய கைக்கு 30 கிராம் உடம்பு புதிதாகத் தோன்றலாம். ஆனால் குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கும் ஊர் இது. போன் செய்து கேட்காமலே இல்லையென்று முடிவு கட்ட வேண்டியதில்லை. போகும்போது எடை எழுதிய தாளையும், வீட்டில் அது மூச்சுவிடும்போது செல்போனில் எடுத்த வீடியோவையும் கொண்டுபோக வேண்டும். புது இடத்தில், மேஜை மேல் வைத்ததும் எலி நோயை மறைத்துக்கொள்ளும். முந்தின ராத்திரி அது எப்படி இருந்தது என்பதை அந்த வீடியோவில்தான் மருத்துவர் பார்க்க முடியும்.