மாசி மாதத்தில் ஓர் ஆப்பிள் தோட்டம்

தில்லியில் வாழும் நம்மவர்க்குச் சிம்லா புதிய ஊர் அன்று. வெயில் தாங்காமல் மே மாதத்தில் குழந்தை குட்டிகளுடன் ஓடிச் சென்று, மால் சாலையில் இரண்டு நாள் உலாவி, ஆளுக்கொரு கம்பளிக் குல்லாயுடன் திரும்பாத தமிழ்க் குடும்பம் எங்கள் குடியிருப்பில் அரிது. நாங்களும் அவ்வாறே இருமுறை சென்று வந்தவர்கள்தாம். ஆனால் சென்ற மாசியில் நாங்கள் சென்றது சிம்லாவுக்கு அன்று. அதற்கும் அப்பால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், கோட்கட் பகுதியில் உள்ள தானேதார் என்னும் சிற்றூருக்கு.

காரணம் இரண்டு. அங்கே ஆப்பிள் தோட்டங்களில் விடுமுறைக் குடில்கள் உள்ளன. மே மாதத்து வாடகை குமாஸ்தாவின் கைக்கு எட்டாதது. மாசியில் அது பாதியாகக் குறைந்துவிடுகிறது. இது முதற் காரணம். ஊரிலிருந்து தமையனார் அனுப்பியிருந்த ஒரு பத்திரத்தைப் பற்றிக் கணவனும் மனைவியுமாக அமைதியாக உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது என்பது இரண்டாவது. அதைப் பின்னர்க் கூறுவோம்.

பழைய தில்லி நிலையத்தில் இரவு வண்டி ஏறினோம். எங்கள் அலுவலகத்து மூத்தவர்கள் இன்றும் ‘கால்கா மெயில்’ என்றே சொல்லும் அவ்வண்டிக்கு 2021 முதல் நேதாஜி எக்ஸ்பிரஸ் என்று பெயர். கால்காவிலிருந்து இரண்டரை அடி அகலப் பாதையில் சிறு ரயில். 1903இல் திறக்கப்பட்ட இப்பாதை 96 கிலோமீட்டர் தூரத்துக்குள் 102 குகைகளைக் கடந்து செல்கிறது. அவற்றுள் நீண்டதான பரோக் குகை மட்டும் 1,143 மீட்டர். குகைகளை ஒவ்வொன்றாக எண்ணி வந்த எங்கள் மகள் நாற்பதைத் தாண்டியதும் உறங்கிப் போனாள். சிம்லாவில் இறங்கிப் பஸ் ஏறி, குஃப்ரி, தியோக், மத்தியானா வழியாக 2,700 மீட்டர் உயரத்திலுள்ள நார்க்கண்டாவை அடைந்தோம். அங்கிருந்து தேவதாரு மரங்களின் நிழலிலே பாதை இறங்குகிறது. நெடுந்தொலைவு கீழே சட்லஜ் நதி ஒரு வெள்ளிக் கம்பி போலக் கிடந்தது.

மலைச்சரிவு முழுவதும் படிப்படியாக ஆப்பிள் மரங்கள். ஆனால் ஒரு மரத்திலும் இலையில்லை. பட்டுப்போன விறகுக் காடு என்றே எங்கள் இல்லத்தரசி எண்ணிவிட்டாள். “இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று அவள் மெல்லக் கேட்டபோது எங்களிடம் விடையில்லை.

விடையைத் தோட்டத்துப் பெரியவர் சொன்னார். எழுபது வயதைக் கடந்தவர். மரத்தின் மேல் நின்றபடியே எங்களை வரவேற்றவர். “மரம் உறங்குகிறது, பேட்டி. உறக்கம் கெட்ட மனிதன் மறுநாள் வேலை செய்வானா?” என்று அவர் இந்தியில் கேட்டது மகளையும் சிரிக்க வைத்தது. ஆப்பிள் மரத்துக்குக் குளிர் ஓர் உணவு போன்றது. இங்குப் பெரிதும் பயிராகும் டெலிஷியஸ் இனங்கள், 7 டிகிரிக்குக் குறைந்த குளிரில் 1,000 மணி நேரத்துக்கு மேல் உறங்கினால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். குளிர் போதாவிட்டால் பூ முன்னும் பின்னுமாக மலர்ந்து, காய் பிடிப்பது குன்றிவிடும். அந்தக் குளிர்காலத்தில் அதுவரை ஒரேயொரு முறைதான் வெண்பனி விழுந்தது என்று கூறி, அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

இவ்வட்டாரத்து ஆப்பிளின் வரலாறு அறியத்தக்கது. 1904இல் தொழுநோயாளருக்குத் தொண்டு செய்ய அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்னும் இளைஞர் இம்மலையிலேயே தங்கி, இங்கேயே மணம் புரிந்துகொண்டார். மலைமக்களைக் கூலியின்றிச் சுமை தூக்க வைத்த ‘பேகார்’ வழக்கத்தை எதிர்த்துப் போராடினார். 1921இல் விடுதலை இயக்கத்தில் சிறையும் சென்றார். 1932இல் இந்து சமயத்தைத் தழுவிச் சத்யானந்தர் ஆனார். 1916 அளவில் அவர் அமெரிக்க நாற்றுகளைத் தருவித்து நட்டதே இங்கு டெலிஷியஸ் ஆப்பிளின் தொடக்கம். பிழைப்புத் தேடி அயலூர் வந்த நம்மைப் போன்றவர்க்கு, வந்த மண்ணில் மரம் நட்ட அம்மனிதரின் கதை தனியே சொல்லத்தக்கது.

பெரியவரின் தோட்டத்தில் மூன்று குடில்கள். தேவதாருப் பலகைச் சுவர், தகரக் கூரை, நடுவில் ‘புகாரி’ என்னும் விறகடுப்பு. ஆப்பிள் ஆண்டுக்கு ஒருமுறைதான் பணம் தரும். கல்மழை அடித்தால் அதுவும் இல்லை. சண்டிகரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மகன், குடில்களின் வருவாயை நம்பித்தான் ஆறு ஆண்டுகளுக்கு முன் ஊர் திரும்பினாராம். விருந்தினர் தரும் வாடகையிலேயே மாசி பங்குனி மாதங்களின் கூலி கொடுக்கப்படுகிறது. ஆகவே இங்கே தோட்டத்தைக் குடில் காக்கிறது. குடிலைத் தோட்டம் காக்கிறது. கவாத்து செய்து வெட்டிய கிளைகளே புகாரியில் எரிகின்றன என்பதை முதல் இரவிலேயே கண்டோம்.

மறுநாள் காலை முதல் அவ்வேலைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். கவாத்து என்பது வெறும் வெட்டுதல் அன்று. பூ தரும் மொட்டு பருத்து, மயிரடர்ந்து இருக்கும்; இலை மொட்டு ஒட்டி மெலிந்திருக்கும். ஒன்றோடொன்று உரசும் கிளை, உட்புறம் வளரும் கிளை, நோயுற்ற கிளை ஆகியவற்றை நீக்கி, மரத்தின் நடுவே வெயில் புக வழி செய்கிறார்கள். வெட்டிய வாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த பூச்சைத் தடவுகிறார்கள். இல்லையேல் அவ்வழியே நோய் நுழையும். நேபாளத்திலிருந்து வந்த தொழிலாளர் இருவர் மரத்தைச் சுற்றிப் பாத்தி கொத்தி, முதுகுக் கூடையில் மக்கிய தொழு உரம் சுமந்து வந்து கொட்டினர். வளர்ந்த மரம் ஒன்றுக்கு 100 கிலோ உரம். அச்சரிவில் வெறுங்கையுடன் ஏறவே எங்களுக்கு மூச்சு வாங்கிற்று.

குடில்களின் பராமரிப்போ பெண்டிர் பொறுப்பில் இருந்தது. மகனின் மனைவி, ரஜாய்களை நாள்தோறும் வெயிலில் போட்டு உதறினார். பலகைச் சுவர்களில் ஆளிவிதை எண்ணெய் பூசினார். தண்ணீர்க் குழாய்களுக்குச் சாக்குத் துணி சுற்றி, “இரவில் குழாயைச் சொட்ட விட்டு வையுங்கள், தீதி” என்று எங்கள் இல்லத்தரசியிடம் சொல்லிச் சென்றார். ஓடும் நீர் எளிதில் உறையாது என்பதே அதன் காரணம்.

தண்ணீரைச் சொட்ட விடுவது தில்லித் தண்ணீர்ப் பஞ்சத்தில் பழகிய எங்களுக்கு மனம் ஒப்பாத செயல். மூன்றாம் இரவு, சொட்டிய குழாயை இறுக மூடிவிட்டு உறங்கினோம். விடியற்காலை கதவைத் திறந்தால் உலகமே வெள்ளை! முழங்காலளவு வெண்பனி. குழாயில் ஒரு துளி நீரில்லை. பின்புறத்தில் அது வெடித்தும் இருந்தது. குற்றம் எங்களுடையது என்று வெட்கத்துடன் சொல்லச் சென்றோம். பெரியவரோ முற்றத்தில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். வெண்பனியை இங்கே ‘வெள்ளை உரம்’ என்கிறார்கள். மெல்ல உருகி மண்ணின் ஆழம் வரை ஈரம் கொடுப்பதால் அப்பெயர். “குழாய் போனால் வாங்கலாம். இதை எந்தக் கடையில் வாங்குவது?” என்று கூறிவிட்டு, எங்கள் கையில் ஒரு நீண்ட கழியைக் கொடுத்தார். பாரம் தாங்காமல் இளங்கிளைகள் முறியாதபடி, மரம் மரமாகச் சென்று பனியைத் தட்டிவிட வேண்டும். அன்று பகல் முழுவதும் நாங்கள் நால்வரும் அவ்வேலை செய்தோம். எங்கள் மகன் தட்டியதைவிடத் தின்ற பனியே அதிகம்.

மாலையில் புகாரியைச் சுற்றி அமர்ந்திருந்தபோது பெரியவர் கேட்டார்: “பாபுஜி, உங்கள் ஊரில் நிலம் உண்டா?” தஞ்சை மாவட்டத்தில் மூன்று மா நஞ்சை உண்டு என்றோம். “இப்போது அதை யார் பார்க்கிறார்கள்?” என்றார்.

எங்கள் பையில் இருந்த பத்திரம் அந்நிலத்தை விற்பதற்கு நாங்கள் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல். தமையனார் மீது குறை சொல்ல இடமில்லை. அவருக்கு வயதாகிவிட்டது, ஆள் கிடைப்பதில்லை. நாங்களோ பதினோர் ஆண்டுகளாக அவ்வரப்பில் கால் வைத்ததில்லை. “ஒருவரும் பார்ப்பதில்லை” என்று சொல்ல நாவெழவில்லை. பெரியவர் மேலே ஒன்றும் கேட்காமல் ஒரு கிளையை எடுத்து அடுப்பில் இட்டார்.

அன்றிரவு குழாயைச் சொட்ட விட்டுவிட்டு, நெடுநேரம் பேசினோம். ஒரு குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு உழவுக்குத் திரும்புவது நடவாத காரியம் என்பதை அறிவோம். எனினும் பாராமலே விற்பது முறையன்று என்று இல்லத்தரசி கூறினாள். மறுநாள் நார்க்கண்டாவிலிருந்து தமையனாருக்குத் தொலைபேசியில் பேசினோம். கோடை விடுமுறையில் நால்வரும் வருவதாகவும், கையெழுத்து அதுவரை பொறுக்கட்டும் என்றும் சொன்னோம். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, “வாய்க்காலையாவது தூர் வாரி வைக்கிறேன்” என்றார்.

அன்பர்களே, ஆப்பிள் மரம் பூத்திருப்பதைக் காண விரும்புவோர் ஏப்ரலில் செல்க. பழம் காண விரும்புவோர் ஆகஸ்ட், செப்டம்பரில் செல்க. அவை எப்படி உண்டாகின்றன என்று காண விரும்புவோர் மாசியில் செல்க. கனத்த கம்பளியும், நல்ல காலணியும், ஒரு நாள் பாதை அடைபட்டால் தாங்கக்கூடிய விடுப்பும் கையில் இருக்கட்டும். இரவில் குழாயை மட்டும் மூடிவிடாதீர்கள்.