உடனே பதில் சொல்லாதவர்கள்

இளவயதில் தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பேச்சைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். கேட்டதற்குப் பதில் சொல்லாமல், கேள்வியையே நம் பக்கம் திருப்பிவிடுவார். பதில் வேண்டித்தானே வந்தோம் என்று தோன்றும். அவருக்காகவே உருவான சபையை 1929இல் நெதர்லாந்தின் ஓம்மன் முகாமில் கலைத்தவர் அவர். குருவாக இருக்க மறுத்தவரிடம் குருவைத் தேடிப் போனால் வேறென்ன கிடைக்கும்? அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகப் போய், ‘சேர்ந்து பார்ப்போம்’ என்றே பேசினார். 1986 ஜனவரியில் சென்னை வசந்த விஹாரில் நடந்ததுதான் அவருடைய கடைசிப் பொதுக்கூட்டம்.

அவருடன் நெடுநாள் உரையாடிய இயற்பியலாளர் டேவிட் போம், பிற்காலத்தில் இப்படிச் சேர்ந்து பார்ப்பதைக் குழுவாகச் செய்யும் முறையாக வளர்த்தார். வட்டமாக உட்கார வேண்டும். தலைவர் கிடையாது, முன்கூட்டியே வகுத்த பொருள் கிடையாது, முடிவு எடுத்தாக வேண்டிய கட்டாயமும் கிடையாது. கேட்க எளிது, உட்கார்ந்து பார்த்தால்தான் சிரமம் தெரியும்.

எங்கள் பகுதியில் சிலர் அப்படிக் கூடுவோம். ஒருநாள் ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், “மருத்துவப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. பயமாக இருக்கிறது” என்றார். “எல்லாம் நல்லபடியாக வரும் சார்” என்று ஒருவர் தொடங்கினார். இன்னொருவர் கீதைக்குப் போய்விட்டார். நண்பர் தலையாட்டினார், ஆனால் முகம் தெளியவில்லை. அப்போது எங்களில் மூத்த அம்மா ஒருவர் மெதுவாகக் கேட்டார்: “எதை நினைச்சா பயம் வருது சார்?”

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. பிறகு, “சாவுன்னுதான் நினைச்சேன்மா. அது இல்லை. படுத்துட்டா மருமகள் கையை எதிர்பார்க்கணுமே, அதுதான்” என்றார். வீட்டில் எல்லோரையும் அதட்டியே பழகியவர் அவர். தனியாக யோசித்திருந்தால், தன்னைப் பற்றிய இந்த உண்மைக்கு அவர் வந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வதில் மனம் கெட்டிக்காரத்தனம் கொண்டது. எதிரே நாலு பேர் தீர்ப்புச் சொல்லாமல் காத்திருந்தால்தான் அதன் சாமர்த்தியம் குறைகிறது.

ஆறுதல் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது முந்திக்கொண்டால், ஒருவர் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும்.

அன்று கிளம்பும்போதும் பரிசோதனை முடிவு வந்திருக்கவில்லை. நண்பர் நேராக வீட்டுக்குப் போய் மருமகளிடம் பேசினார்.

உங்கள் தெருவிலும் நாலு பேர் இருப்பார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அறிவுரையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.