கோயிலின் முதுகுச் சுவர்

டாவோஸ் என்றதும் நம்மில் பலருக்கு ஜனவரி மாதத் தொலைக்காட்சிதான் நினைவுக்கு வரும். கோட் சூட் போட்ட தலைவர்கள், கையில் மைக், பின்னால் பனிமலை. 1971-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மன்றத்தின் கூட்டம் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. அந்த ஒரு வாரம், சுமார் 11,000 பேர் வசிக்கும் இந்த ஊரில் உலகத்துச் செய்தியெல்லாம் வந்து குவியும். நாங்கள் போனது மார்ச் மாதம். பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் பிள்ளைகளைத் தவிர பெரிய கூட்டம் இல்லை.

சூரிச்சிலிருந்து லாண்ட்குவார்ட் போய், அங்கே சிவப்பு நிற மலை ரயிலுக்கு மாற வேண்டும். மொத்தம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். கிளோஸ்டர்ஸ் தாண்டி ரயில் மலையேறும்போது என் மகள் ஜன்னலோரமிருந்து "அப்பா, அங்க பாருங்க"ன்னு மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. மனைவி தோளைத் தட்டிய பிறகுதான் போனிலிருந்து தலையை நிமிர்த்தினேன். அதற்குள் அவள் காட்ட நினைத்தது போய்விட்டது.

போன வருடம் பாளையங்கோட்டையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. தம்பி கூப்பிட்டபோது இங்கே அதிகாலை மூன்று மணி. போன் சைலண்டில் இருந்ததால் ஐந்து மணிக்குத்தான் பார்த்தேன். அப்பா தேறிவிட்டார், கைத்தடியோடு நடக்கிறார். நான்தான் தேறவில்லை. அன்றிலிருந்து போனை ஒரு நாளும் அணைத்ததில்லை. மூன்று குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள், அப்பாவின் பிரஷர் கணக்கு, பக்கவாதம் பற்றிய கட்டுரைகள், அது போக ஊர்ச் செய்தி, மழைச் செய்தி, போர்ச் செய்தி. சர்வர்களில் கோளாறு வந்தால் எச்சரிக்கை அனுப்பும் மென்பொருளை எழுதுவதுதான் என் வேலை. வீட்டிலும் நானே ஒரு சர்வர் மாதிரி விழித்திருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தால் கெட்டது எதுவும் நடக்காது என்று ஒரு எண்ணம். ஜெபத்துக்கு முழங்கால் போட்டாலும் கண் திரையைத் தேடும்.

டாவோஸ் ஒரு காலத்தில் ஓய்வுக்கென்றே பேர்போன ஊர். 1853-இல் இங்கே வந்த அலெக்சாண்டர் ஸ்பெங்லர் என்ற மருத்துவர், 1,560 மீட்டர் உயரத்து மலைக்காற்று காசநோயாளிகளுக்கு நல்லது என்று நம்பினார். பிறகு வரிசையாக சானடோரியங்கள் எழுந்தன. நோயாளிகள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு பால்கனியில் மணிக்கணக்காகப் படுத்திருக்க வேண்டும். சும்மா இருப்பதே மருந்து. மனைவியைப் பார்க்க 1912-இல் இங்கே வந்த தாமஸ் மான், அந்த வாழ்க்கையை வைத்துத்தான் 1924-இல் 'மாய மலை' நாவலை வெளியிட்டார்.

ஊர் நடுவில் செயின்ட் யோஹான் ஆலயம். மரம் காய்ந்து முறுக்கியதால் அதன் கூர்ங்கோபுரம் திருகினாற்போல் நிற்கிறது. எங்கள் ஊசிக்கோபுரம் நினைவுக்கு வந்தது. ஆனால் மனதில் நின்றது வேறொரு கோயில். டாவோஸ் பிளாட்ஸிலிருந்து ஃபிலிசூர் போகும் ரயிலில் அடுத்த நிறுத்தம் ஃப்ரவுன்கிர்க். சரிவின் அடியில் வெள்ளைச் சுவரோடு ஒரு சிறிய கோயில். முன்பக்கம் சாதாரணமாகத்தான் இருக்கிறது. பின்னால் சுற்றிப் போனால், மலையைப் பார்த்த சுவர் படகின் அணியம் போலக் கூர்மையாக முன்னே நீட்டிக்கொண்டிருக்கிறது. மேலேயிருந்து பனிச்சரிவு வந்தால் அந்த முனையில் மோதி, இரண்டாகப் பிரிந்து, கோயிலின் இரு பக்கமும் போய்விட வேண்டும். அதற்காகவே அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

மகள் அந்த முனையைத் தொட்டுப் பார்த்தாள். "பனி வந்தா உள்ள இருக்கவங்களுக்குத் தெரியுமாப்பா?" என்றாள். "சத்தம் கேக்கும்மா" என்றேன்.

பனிச்சரிவை ஆராயும் சுவிஸ் தேசிய நிறுவனமும் டாவோஸில்தான் இருக்கிறது. மலைகளில் உள்ள தானியங்கி நிலையங்களிலிருந்தும் பயிற்சி பெற்ற பார்வையாளர்களிடமிருந்தும் ஓயாமல் தகவல் வருகிறது. அதையெல்லாம் சுருக்கி, ஒன்று முதல் ஐந்து வரையான அபாய அளவாகக் குளிர்காலத்தில் தினமும் மாலை ஐந்து மணிக்கு அறிவிக்கிறார்கள். காலை எட்டு மணிக்கும் வழக்கமாக ஒரு அறிவிப்பு உண்டு. சரிவுக்குக் கீழே குடியிருப்பவர் ராத்திரி முழுக்க மலையையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அறிய வேண்டியதை அறிந்துகொண்டு படுக்கிறார். பார்த்துக்கொண்டிருப்பது வேறு, காப்பாற்றுவது வேறு என்பது எனக்கு அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் உறைத்தது.

மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் ஒரு காட்சி. ஊரே நோயாளிகளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திய மறுநாள், இயேசு இருட்டோடே எழுந்து தனியிடம் போய் ஜெபிக்கிறார். சீஷர்கள் தேடிக்கொண்டு வருகிறார்கள். அவரோ தேடிய கூட்டத்திடம் திரும்பாமல் அடுத்த ஊர்களுக்குப் புறப்படுகிறார். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். தேடியவர்களின் தேவை பொய்யில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். தேவை நிஜமாக இருந்தும் அவர் முதலில் பிதாவிடம் போனார்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் பேசினேன். ராத்திரியும் போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று முதல் முறையாகச் சொன்னேன். அப்பா சிரித்தார்.

"ஏல, நீ அங்க முழிச்சிருந்தா இங்க எனக்கு பிரஷர் குறையுமா? ஆண்டவர் தூங்காம இருக்காருல்லா. நீ தூங்கு."

இப்போது காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அப்பாவிடம் பேசுகிறேன். இரவில் தம்பியின் எண் மட்டும் ஒலிக்கும், மற்றதெல்லாம் மௌனம். எட்டு மணிக்கு, ஊரில் பாட்டி நடத்தியது போல, எங்கள் வீட்டிலும் குடும்ப ஜெபம். ஒரு சங்கீதம், ஒரு பாட்டு, பத்து நிமிடம். சில நாள் மனம் அலைகிறது. ஆனாலும் உட்காருகிறோம். பனிச்சரிவு வரும் நாளில் சுவர் கட்ட முடியாது. பனியில்லாத நாட்களில் கல் மேல் கல்லாக வைத்துக் கட்டியதுதான் அந்த முனை.

மூன்று மணி அழைப்பு மறுபடியும் ஒரு நாள் வரலாம். ஜெபிப்பதால் அது வராது என்று எனக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஃப்ரவுன்கிர்க்கில் கோயிலைக் கட்டியவர்களும் மலையை நகர்த்தவில்லை. அதன் அடியிலேயே மணியடித்து ஆராதனை செய்தார்கள்.

திரும்பும் ரயிலில் மகளை ஜன்னலோரம் விட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன். போன் பைக்குள் இருந்தது. "அப்பா, அங்க பாருங்க" என்றாள். பார்த்தேன்.