சவரில தண்ணி வரேல்லையோ?

குசினியில வேலை செய்யிற ஆக்களுக்குக் குளிப்பு ஆடம்பரமில்லை. பத்து மணித்தியாலம் கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால நிண்டால் அந்த மணம் தலைமயிருக்குள்ள குடியேறிவிடும். ஆனால் ஒஷாவாவில நான் அறிஞ்ச பேஸ்மென்ற் வீடுகளில கனபேர் நூல்போல ஒழுகிற சவரோட வருசக்கணக்காய்க் காலம் தள்ளுகினம். கேட்டால் வீட்டுக்காரர் எழும்பச் சொல்லிப்போடுவார் எண்ட பயம். அகதிக் கேஸ் முடியாத ஆக்கள் வாயே திறக்கமாட்டினம்.

முதலில தண்ணி எங்க மறிபடுது எண்டு பாக்கவேணும். மற்றப் பைப்புகளைத் திறந்து பாருங்கோ. எல்லாத்திலயும் குறைவெண்டால் பிரதான வால்வு பாதி பூட்டியிருக்கலாம். பழைய வீடெண்டால் இரும்புக் குழாய் உள்ளுக்குள்ள கறள் கட்டி ஒடுங்கியிருக்கலாம். சவரில மட்டும் குறைவெண்டால், துணியைச் சுத்திக் குறட்டால பிடிச்சுச் சவர்த்தலையைக் கழட்டுங்கோ. வெறும் பைப்பில தண்ணி பாய்ஞ்சு வந்தால் அடைப்பு தலையிலதான்.

அடைக்கிறது பெரும்பாலும் சுண்ணாம்பு. யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு இது புதுசில்லை. குடாநாடே சுண்ணாம்புக்கல்லுக்கு மேலதான் இருக்குது. கிணத்துத் தண்ணி கொதிக்கவைச்ச கேத்திலின்ர அடியில வெள்ளைப் படை கட்டினதை மறந்திருக்கமாட்டியள். ஒஷாவாவுக்கு வாற ஒன்ராறியோ ஏரித் தண்ணியிலயும் லீற்றருக்குச் சுமார் 120 மில்லிகிராம் கடினத்தன்மை இருக்குது. வேலையிடத்தில கோப்பை கழுவுற மெசினுக்கு அமிலம் விட்டு ஓடவிடுவம். வீட்டில அதே வைத்தியத்துக்கு 5 வீத வெள்ளை வினாகிரி காணும். சவர்த்தலையைச் சில மணித்தியாலம் ஊறவைச்சு, பழைய பல்லுப் பிரஷ்ஷால துளையளையும் உள்ளுக்கிருக்கிற வலையையும் தேயுங்கோ. திருப்பிப் பூட்டேக்க புரியில வெள்ளை ரெப்ளோன் ரேப் சுத்துங்கோ. வினாகிரியோட பிளீச்சை மட்டும் கலந்துபோடாதையுங்கோ, நச்சுவாயு வரும்.

என்ர வீட்டில வெறும் பைப்பிலயும் ஒழுக்குத்தான். அப்பிடியெண்டால் பழுது சுவருக்குள்ள இருக்கிற வால்வில. அது எங்கட வேலையில்லை. வீட்டுக்காரரும் எங்கட ஆள்தான். "பேஸ்மென்ற் எண்டால் அப்பிடித்தான் தம்பி, பழகிக்கொள்ளும்" எண்டார். நான் 4 லீற்றர் வாளியை வைச்சு நேரம் பாத்தன். 2014 தொடக்கம் ஒன்ராறியோ கட்டடச் சட்டப்படி புதுச் சவருக்கு உச்ச அளவு நிமிசத்துக்கு 7.6 லீற்றர். அந்தக் கணக்கில வாளி 32 செக்கனில நிரம்பவேணும். எனக்கு இரண்டு நிமிசம் எடுத்துது. திகதியைப் போட்டு, இந்தக் கணக்கை எழுதி, திருத்தித் தரச்சொல்லி அனுப்பினன். இரண்டு கிழமையில பிளம்பர் வந்து வால்வின்ர உள்பாகத்தை மாத்தினார். வேலை ஒரு மணித்தியாலம்கூட எடுக்கேல்லை.

2006ஆம் ஆண்டு ஒன்ராறியோ வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின்ர 20ஆம் பிரிவின்படி வீட்டைத் திருத்தி வைச்சிருக்கிறது வீட்டுக்காரரின்ர கடமை. குடிவரேக்கையே பழுது தெரிஞ்சிருந்தாலும் அந்தக் கடமை போகாது. அவர் அசையாட்டி வீட்டுரிமையாளர் குடியிருப்பாளர் வாரியத்துக்கு ரி6 படிவம் போடலாம். முறைப்பாடு செய்ததுக்காக எழுப்பப் பாத்தால் வாரியம் அதுக்கு அனுமதி குடுக்கக்கூடாது. விசா, கேஸ் எண்டு ஒரு நிபந்தனையும் அந்தச் சட்டத்தில இல்லை. ஆனால் வீட்டுக்காரரோட குசினியையோ குளியலறையையோ பங்குபோட்டு இருக்கிறவைக்கு இந்தச் சட்டம் உதவாது. அதைக் கவனிச்சுக்கொள்ளுங்கோ.

நாங்கள் வாடகையை ஒண்டாம் திகதி பிந்தாமல் குடுக்கிறம். குளிக்கத் தண்ணி கேக்கிறது சண்டைக்குப் போறதில்லை. சொந்த ஆள் எண்டாலும் வாயால கேக்காமல் எழுத்தில கேளுங்கோ, ஒரு பிரதியை வைச்சிருங்கோ.