அனுப்பியவர்களும் அனுப்ப விட்டவர்களும்

வெனிஸில் எங்களுக்குக் கிடைத்தது ஏழு மணி நேரம். காலை 9 மணிக்குக் கப்பலிலிருந்து இறங்கினோம். மாலை 4 மணிக்குத் திரும்பும் பேருந்தில் இருக்க வேண்டும். படங்களில் பார்ப்பதுபோலக் கப்பல் சான் மார்க்கோ சதுக்கத்தின் முன்னால் போய் நிற்கவில்லை. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்த வழியில் போவதற்கு 2021 ஆகஸ்டு முதல் தடை. எண்ணெய்த் தொட்டிகளும் ஆலைகளும் நிற்கும் மர்கேரா துறைமுகத்தில் இறக்கி, பேருந்தில் பாலம் கடந்து கூட்டிப்போனார்கள். “இதுவா கண்ணு வெனிசு? மேட்டூராட்ட இருக்குது” என்றாள் அக்கா.

அக்காவுக்கு 58 வயது. எனக்கு 49. மாமா இறந்து இரண்டு வருடமாகிறது. அக்காவின் மூத்த மகள் பெங்களூரில் சம்பாதித்த காசில் எங்கள் இருவரையும் இந்தக் கப்பலில் ஏற்றிவிட்டாள். நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள். கிளம்பும் முன்பே வெனிஸில் எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அக்காவிடம் சொல்லவில்லை.

சதுக்கத்தில் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு நாங்கள் தனியாகப் பிரிந்தோம். கடலோரமாகக் கிழக்கே நடந்து, பெருமூச்சுப் பாலத்தைப் படமெடுக்கும் கூட்டத்தைத் தாண்டினால், சிறிது தூரத்தில் வெள்ளை முகப்புள்ள ஒரு தேவாலயம் வருகிறது. பியெத்தா. வாசலில் விவால்டி கச்சேரிக்கான விளம்பரங்கள்.

1346இல் ஒரு பிரான்சிஸ்கன் துறவி கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகத் தொடங்கிய இல்லத்தைச் சேர்ந்தது இது. விவால்டி 1703இல் இங்கே வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். அவருடைய பல இசைக்கோவைகளை முதலில் வாசித்தவர்கள் இங்கே வளர்ந்த பெண்கள். அவர்களின் இசையைக் கேட்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் வந்தார்கள். ஆனால் அந்தப் பெண்கள் மேல்மாடத்தில், கம்பித் தட்டிக்குப் பின்னால் நின்றுதான் பாடினார்கள், வாசித்தார்கள். குடும்பப் பெயர் இல்லாததால் வாத்தியமே பெயராயிற்று: ‘வயலின் அன்னா மரியா’ என்பதுபோல. இப்போதுள்ள கட்டடம் விவால்டி இறந்த பிறகு எழுப்பி முடிக்கப்பட்டது. அதிலும் அந்தத் தட்டிகளை வைத்தே கட்டியிருக்கிறார்கள்.

உள்ளே உட்கார்ந்து இதையெல்லாம் அக்காவுக்குச் சொன்னேன். குழந்தையை வைத்துவிட்டுப் போக இல்லத்தின் சுவரில் ஒரு திறப்பு இருந்ததையும் சொன்னேன். அவள் டியேபொலோ வரைந்த விதானத்தை அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள். “சேலத்துல தொட்டில் வெச்சாங்களே, அந்த மாதிரி” என்றாள்.

முப்பத்திரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல்முறை.

1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. பெண் சிசுக்களைக் கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்றது. மறுவருடம் அக்காவுக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. எட்டாம் நாள் அத்தையும் எங்கள் அம்மாவும் பேசி முடித்துவிட்டார்கள். நிலமும் மாடும் இருந்த வீடுதான் அது. மாமா டீக்கடையில் நின்றுகொண்டார். நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். பேருந்தில் அம்மா குழந்தையை வைத்திருந்தாள். பால்புட்டியும் துணிப்பையும் என் கையில். படித்த பெண், கேள்வி கேட்டால் பதில் சொல்வாள் என்றுதான் என்னைக் கூட்டிப்போனார்கள். நானும் பதில் சொன்னேன். வீட்டில் வசதியில்லை என்று சொன்னேன்.

தேவாலயத்தின் பக்கவாட்டுச் சந்தில் சுவரில் பதித்த ஒரு கல் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் வந்திருந்தேன். மூன்றாம் பவுல் போப்பாண்டவர் 1548 நவம்பர் 12இல் விடுத்த ஆணையைச் சொல்லும் கல். வளர்க்க வசதியிருந்தும் பிள்ளைகளை இங்கே அனுப்புகிறவர்கள்மேல் கடவுளின் சாபமும் திருச்சபை விலக்கமும் விழும். ஆன செலவைத் திருப்பிக் கட்டாதவரை அவர்களுக்கு மன்னிப்பு இல்லை. இதுதான் சாரம். அக்கா எழுத்துகளைக் கையால் தடவிப்பார்த்தாள்.

“பெத்தவளுக்கு மட்டுமா சாபம்?”

“இல்லக்கா. அனுப்புறவங்களுக்கும், அனுப்ப விடுறவங்களுக்கும்னு எழுதியிருக்குது.”

“அப்ப எல்லாருக்குந்தான்.” சிறிது நேரம் கழித்து, “வசதி இருக்குதா இல்லியான்னு பெத்தவளக் கேட்டா எழுதுனாங்க?” என்றாள்.

வகுப்பில் தொட்டில் திட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் அரசைப் பற்றிப் பேசியிருக்கிறேன், வரதட்சணையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். கல்நெஞ்சுத் தாய்மார் என்று மாணவிகள் சொன்னால் திருத்தியிருக்கிறேன். அப்போதெல்லாம் அந்தப் பேருந்தில் பையைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கால்வாய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து, கப்பலிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம். எங்களைத் தாண்டி கோண்டோலாக்கள் போய்க்கொண்டிருந்தன. சில பேர் குழந்தையோடு ஒரு நாணயத்தையோ பதக்கத்தையோ பாதியாக வெட்டி வைத்துவிட்டுப் போவார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். என்றாவது திரும்பி வந்தால் மறுபாதியைக் காட்டி அடையாளம் சொல்லலாம். அப்படிப்பட்ட பாதிகள் சில இன்னும் இங்கே இருக்கின்றன.

அக்கா ரொட்டியை மடியில் வைத்தாள். “நாம எதையும் வெச்சு அனுப்பலயே கண்ணு.”

‘நாம’ என்றாள். நான் அதைத் திருத்தவில்லை. வசதியில்லை என்று அன்று சொன்னது நான்தான் என்று அவளிடம் சொன்னேன். “தெரியும்” என்றாள். அம்மா சாகும் முன்னால் சொல்லிவிட்டாளாம்.

மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. தத்துப்போன பிள்ளைக்குத் தன் வேரைத் தேடும் உரிமை நம் நாட்டு விதிகளில் உண்டு என்று மட்டும் சொன்னேன். அவள் தேடி வந்தால் பார்க்கத் தாளில் ஏதாவது இருக்குமா என்று அக்கா கேட்டாள். நான் சொன்ன பதில் இருக்கும் என்றேன்.

பேருந்துக்கு ஓட வேண்டியிருந்தது. படிகளில் ஏறும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு முட்டி வலி. “ஊருக்குப் போனதும் அந்தத் தாள மாத்தி எழுத முடியுமான்னு கேட்டுப் பாரு” என்றாள். கேட்கிறேன் என்றேன். எந்த அலுவலகம், எந்த மேசை என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.